காட்டோரத் தோட்டங்களில் குடும்ப வறுமையை அளப்பது: முழுமையான வழிகாட்டி

இலங்கையில் மஸ்கெலியா, பொகவந்தலாவை, அப்புத்தளை, ரங்கலை என்று தேயிலை மலை முடிந்து காடு தொடங்கும் இடங்களில் கணக்கெடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பல்கலைக்கழக மாணவர்கள், தொண்டு நிறுவனக்காரர்கள், புதிதாக நியமனம் பெற்ற அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் எல்லாரும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். முதல் நாளே கேள்விக்கொத்து எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். எந்த வறுமை, எந்தக் குடும்பங்கள், எந்த மாதம், எந்த அளவை என்ற நான்கும் முடிவாகாமல் எழுதும் கேள்விக்கொத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் கணக்கு தவறும். அதனால் இங்கே கேள்விகள் ஆறாவது படியில்தான் வருகின்றன.

1. எந்த வறுமையை அளக்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

தொகைமதிப்பு புள்ளிவிபரவியல் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாட்டில் 14.3 சதவீதம் பேர் வறியவர்கள். தோட்டத்துறையில் அது 33.8 சதவீதம். இது செலவை வைத்து அளந்த பண வறுமை. அதே ஆண்டின் தரவுகளை வைத்து கல்வி, சுகாதாரம், வாழ்க்கைத்தரம் என்று பல பரிமாணங்களில் பார்த்தபோது தோட்டத்துறையில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வறியவர்களாக வந்தார்கள். அளவுகோல் மாறினால் ஆள் தொகையும் மாறும்.

செலவு, வருமானம், பல்பரிமாணம் என்று மூன்று வழிகள் உண்டு. உங்கள் கேள்வியில் காடு இருக்கிறது என்றால் செலவையும் காட்டிலிருந்து வருவதையும் சேர்த்தே எடுக்க வேண்டும். செலவு மட்டும் எடுத்தால் காடு எவ்வளவு தாங்குகிறது என்பது தெரியாது. வருமானம் மட்டும் எடுத்தால் அரச வறுமைக்கோட்டோடு ஒப்பிட முடியாது, ஏனென்றால் அந்தக் கோடு செலவினத்தை வைத்து வரையப்பட்டது. வருமானத்தைக் கோட்டோடு ஒப்பிடுவதுதான் மாணவர் ஆய்வுகளில் நான் அதிகம் பார்க்கும் பிழை.

2. அனுமதியும் அறிமுகமும்

முதலில் கிராம உத்தியோகத்தர், அடுத்து தோட்டத் துரை (முகாமையாளர்), அப்புறம் தோட்டத் தலைவர்மார். ஒரே டிவிஷனில் (தோட்டத்தின் ஒரு பிரிவில்) இரண்டு மூன்று தொழிற்சங்கங்கள் இருக்கும். ஒரு சங்கத் தலைவரோடு மட்டும் போனால் மற்ற சங்கக்காரர்களின் வீடுகளில் கதவு அரைகுறையாகத்தான் திறக்கும். எல்லாத் தலைவர்களிடமும் அதே நாளில் சொல்லிவிடுங்கள்.

தோட்டத்து வாகனத்தில் லயத்துக்கு (தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) போய் இறங்காதீர்கள். வேலையை மேற்பார்க்கும் கங்காணியையோ வன அதிகாரியையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு பேட்டி எடுக்கவே கூடாது. கங்காணி இருந்தால் வேலை நாள் கணக்கு மாறும், வன அதிகாரி இருந்தால் விறகே இல்லாமல் போகும்.

3. குடும்பப் பட்டியலை நடந்து எடுங்கள்

தோட்ட அலுவலகம் செக்ரோலைத் தரும். அது தோட்டத்தில் பேர் உள்ள தொழிலாளர்களின் பட்டியல், அங்கே குடியிருக்கிறவர்களின் பட்டியல் இல்லை. இன்று லயத்தில் இருக்கும் எத்தனையோ பேர் தோட்டத்தில் வேலை செய்வதில்லை. கொழும்பில் கடையில் நிற்பவர், டவுனில் முச்சக்கரவண்டி ஓட்டுபவர், மரக்கறித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர் யாரும் அதில் வரமாட்டார்கள். வாக்காளர் இடாப்பிலோ எப்போதோ வெளியேறியவர்களும் இருப்பார்கள்.

அதனால் ஒவ்வொரு லயமாக, ஒவ்வொரு கதவாக நடந்து எழுதுங்கள். கதவுக்கு ஒரு குடும்பம் என்று எடுக்க வேண்டாம். கல்யாணமான மகன் அதே காம்பராவில் (லயத்து அறையில்) தடுப்பு அடித்து வேறு அடுப்பு வைத்திருப்பார். சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொண்டால் தேசிய கணக்கெடுப்போடு ஒத்துப்போகும்.

விடுபடும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான்: காவல்காரர் குடிசை, பங்களாவுக்குப் பின்னால் உள்ள வேலையாட்கள் வீடு, மண்சரிவுக்குப் பிறகு தற்காலிகக் கொட்டகையில் இருப்பவர்கள், காட்டை ஒட்டித் தனியாக மரக்கறி போட்டிருப்பவர்கள். அதிகம் காட்டை நம்பியிருப்பவர்களும் பெரும்பாலும் இவர்கள்தான். இவர்களை விட்டால் மிச்சக் கணக்கால் பயனில்லை.

பட்டியல் முடிந்ததும் காட்டு எல்லைக்கு நடக்கும் நேரத்தை வைத்து மூன்று பிரிவாகப் பிரியுங்கள்: 15 நிமிடத்துக்குள், 15 முதல் 45 வரை, அதற்கு மேல். வரைபடத்துக் கிலோமீட்டரை நம்ப வேண்டாம். மலையில் ஒரு கிலோமீட்டர் ஏற்றமும் ஒரு கிலோமீட்டர் வண்டிப்பாதையும் ஒன்றல்ல. ஒவ்வொரு பிரிவிலும் பட்டியலில் இருந்து சம இடைவெளியில் வீடுகளைத் தெரிவு செய்யுங்கள். ஆள் இல்லாத வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டை எடுக்காதீர்கள். பகலில் ஆள் இல்லாத வீடு என்றால் அங்கே வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதை விட்டுவிட்டால் உங்கள் மாதிரி வயதானவர்களாலும் வேலை இல்லாதவர்களாலும் நிரம்பிவிடும்.

4. மாதத்தையும் தேதியையும் தெரிவு செய்யுங்கள்

மேற்குச் சரிவில் ஜனவரி முதல் மார்ச் வரை வெயில், பனி, கொழுந்து குறைவு. சித்திரை மழைக்குப் பிறகு கொழுந்து பொங்கும். அப்புத்தளை இருக்கும் ஊவாப் பக்கம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறட்சி. மஸ்கெலியாவில் டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம், கடை வேலை, சுமை தூக்கும் வேலை கிடைக்கும். ஏப்ரலில் எடுத்த கணக்கை ஆண்டுக் கணக்காக 12ஆல் பெருக்கினால் என்ன வரும் என்று நீங்களே யோசியுங்கள்.

காட்டு வருமானத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஆண்டில் நான்கு முறை போவதுதான் சரி. சர்வதேச வனவியல் ஆய்வு மையமான சிஃபோர் 24 நாடுகளில் ஏறக்குறைய 8000 குடும்பங்களிடம் நடத்திய வறுமை–சுற்றுச்சூழல் ஆய்வு இப்படித்தான் நடந்தது. குடும்ப வருமானத்தில் 28 சதவீதம் இயற்கைச் சூழலில் இருந்து வந்ததாக அதில் தெரிந்தது. ஆண்டுக்கு ஒரே முறை கேட்டிருந்தால் அதில் பெரும்பங்கு யாருக்கும் ஞாபகம் வந்திருக்காது.

ஒரே முறைதான் போக முடியும் என்றால், காட்டு வருமானத்துக்கு ஆண்டுத் தொகை கொடுக்காதீர்கள். நாலைந்து பெண்களை உட்காரவைத்து எந்த மாதம் என்ன வரும் என்று ஒரு பருவ அட்டவணை போட்டு, உங்கள் தொகை எந்தப் பருவத்துக்கானது என்று எழுதுங்கள்.

மாதத்துக்குள் தேதியும் முக்கியம். சம்பளம் பெரும்பாலும் 10ஆம் திகதியை ஒட்டி வரும். 12ஆம் திகதி வீட்டில் இருக்கும் அரிசி 5ஆம் திகதி இருக்காது. எல்லாப் பேட்டிகளையும் ஒரே வாரத்தில் முடிக்காமல் மாதம் முழுக்கப் பரப்புங்கள். தீபாவளி, தேர்த் திருவிழா வாரங்களைத் தவிருங்கள்.

5. கேட்பதற்கு முன் நிறுத்துப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். "வாரத்துக்கு மூணு கட்டு விறகு" என்று எழுதிக்கொண்டு வருவார்கள். கட்டு என்றால் எவ்வளவு? ஒரு அம்மா தலையில் தூக்கி வரும் கட்டு 15 கிலோ இருக்கலாம், இளைஞன் தோளில் போட்டு வருவது 30 இருக்கலாம். ஈர விறகு என்றால் அதே கட்டு இன்னும் கனக்கும்.

கொழுந்து நிறுக்கும் மாதிரியான ஒரு தொங்கு தராசைக் கையில் கொண்டுபோங்கள். மாலையில் விறகு வரும் பாதையில் நின்று, அனுமதி கேட்டு, குறைந்தது 20 கட்டாவது நிறுங்கள். ஆண், பெண், பிள்ளை, ஈரம், காய்ந்தது என்று தனித்தனியே எழுதுங்கள். அந்த டிவிஷனுக்கு என்று ஒரு சராசரிக் கட்டு கிடைக்கும். பக்கத்து டிவிஷனுக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள், அங்கே பாதை வேறு.

மற்ற அளவைகளுக்கும் இதேதான். அரிசிக்கு சுண்டு, பாலுக்கும் கித்துள் பாணிக்கும் போத்தல், மரக்கறிக்கு சாக்கு, கீரைக்குப் பிடி. ஒவ்வொன்றையும் ஒரு முறை நிறுத்து ஒரு தாளில் எழுதி, கணக்கெடுக்கும் எல்லாருக்கும் கொடுங்கள். நிலத்துக்குப் பேர்ச்சஸ். 160 பேர்ச்சஸ் ஒரு ஏக்கர். லயத்துக்கு முன்னால் இருக்கும் மரக்கறிப் பாத்தியை மக்கள் பேர்ச்சஸில் சொல்ல மாட்டார்கள், கால் எட்டிப் போட்டு அளந்துகொள்ளுங்கள்.

6. கேள்விகளை இந்த வரிசையில் வையுங்கள்

வேலை முடிந்து வந்து, தேத்தண்ணி குடித்து முடித்த பிறகு, ஐந்து மணிக்கு மேல் போங்கள். உள்ளே போனதும் முதல் வசனம் நீங்கள் யார் என்பதாக இருக்கட்டும். 2023 ஜூலையில் அரச நிவாரணத் திட்டமான அஸ்வெசும தொடங்கியதில் இருந்து கையில் படிவம் வைத்திருக்கும் யாரைப் பார்த்தாலும் நிவாரணக் கணக்கு என்றுதான் நினைக்கிறார்கள். "நாங்க அஸ்வெசும ஆளுங்க இல்லக்கா, இதனால காசு கூடவும் கூடாது, குறையவும் குறையாது" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

முதலில் குடும்பத்தில் யார் யார். இரண்டாவது, போன ஏழு நாளில் சமைத்தது. மூன்றாவது, மற்றச் செலவுகள். நான்காவது, அடுப்பும் தண்ணீரும். அங்கிருந்துதான் காட்டுக்குப் போக வேண்டும். சம்பளம், கடன், நகை எல்லாம் கடைசியில். சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது யாருக்கும் கூச்சம் தராது. வருமானத்தை முதலில் கேட்டால் ஒரு சின்ன தொகை வரும், பிறகு செலவு அதை மீறும்போது அம்மா செலவையும் குறைத்துச் சொல்லத் தொடங்குவார்.

"காட்டுக்குப் போறீங்களா?" என்று கேட்டால் "இல்லங்க சார்" என்பதுதான் பதில். அடுப்பைப் பார்த்து, "இந்த விறகு எங்கருந்துக்கா வருது?" என்று கேளுங்கள். பீலித் தண்ணீர் எங்கிருந்து, மாட்டுக்குப் புல் யார் அறுப்பது, போன வாரம் காளான் கிடைத்ததா என்று ஒவ்வொன்றாகப் போங்கள். பொருளில் இருந்து இடத்துக்குப் போகிற கேள்விக்குப் பதில் வரும்.

பிள்ளைகளையும் கேளுங்கள். பள்ளிவிட்டு வரும் வழியில் தின்ற கொய்யாவும் பலாச்சுளையும் அம்மாவின் கணக்கில் இருக்காது. பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) கொடுக்கும் சாப்பாடும் அப்படித்தான்.

லயத்துச் சுவர் மெல்லியது, அடுத்த காம்பராவில் எல்லாம் கேட்கும். கடன் பகுதிக்கு வந்ததும் குரலைத் தாழ்த்துவதால் பயனில்லை. தொகைகளை அட்டையில் அச்சிட்டு விரலால் காட்டச் சொல்லுங்கள்.

7. சம்பளத்தைச் சம்பளச் சீட்டில் இருந்து எடுங்கள்

நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபா ஆனது, 2024இல் 1350 ஆனது. இதை 25 நாளால் பெருக்கி, வேலை செய்கிறவர் இருவர் என்றால் இரண்டால் பெருக்கி, 67,500 என்று எழுதுகிறார்கள். அந்த வீட்டில் அப்படி ஒரு தொகையை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மாதத்தில் எத்தனை நாள் வேலை கொடுத்தார்கள், எத்தனை முழுப்பேர் (முழுநாள் சம்பளம் விழுந்த நாள்), எத்தனை அரைப்பேர், நிர்ணயித்த கிலோ எடுக்க முடியாத நாட்கள் எத்தனை, கைக்காசு (நாட்சம்பளத்துக்கு வெளியே கிலோ கணக்கில் வரும் காசு) எவ்வளவு என்று தனித்தனியாகப் பாருங்கள். அப்புறம் பிடித்தம்: ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி), சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், தேயிலைத்தூள், கோவில் காசு. "மாச வருமானம் எவ்வளவு?" என்று கேட்காமல், "போன சம்பளத்துல கைக்கு எவ்வளவுக்கா வந்துச்சு?" என்று கேட்டுச் சீட்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

ஆனால் கைக்கு வந்ததுதான் வருமானம் என்று எழுதிவிடவும் கூடாது. ஈ.பி.எப். சேமிப்பு, முற்பணப் பிடித்தம் பழைய கடனைக் கட்டுவது. இரண்டும் சம்பாதித்த பணமே. மொத்தம், பிடித்தம், கைக்கு வந்தது என்று மூன்று கட்டம் வையுங்கள்.

கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் அனுப்பும் பணத்தை எடுங்கள், அவர்களைத் தலைக்கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டையும் சேர்ப்பது அல்லது இரண்டையும் விடுவது அடிக்கடி நடக்கிறது.

8. காட்டிலிருந்து வருவதற்கு விலை போடுங்கள்

முதலில் எங்கிருந்து வந்தது என்று ஒரு கட்டம். அடுப்பில் எரிகிற விறகெல்லாம் காட்டு விறகு இல்லை. கவ்வாத்துக் குச்சி (தேயிலைச் செடியைக் கத்தரிக்கும்போது விழுவது), பிடுங்கிப் போட்ட தேயிலை மரம், தோட்டத்து யூகலிப்டஸ் கிளை, சொந்த வேலி என்று பல வழி உண்டு. இதைப் பிரிக்காத ஆய்வு காட்டின் பங்கைப் பல மடங்கு கூட்டிக் காட்டும். கவ்வாத்து நடக்கும் மாதங்களில் காட்டு விறகு நன்றாகவே குறையும்.

விலைக்கு இந்த வரிசையில் முயலுங்கள். அந்த ஊரிலேயே யாராவது விற்றால் அந்த விலை. இல்லையென்றால் பக்கத்து டவுன் விலையில் இருந்து கொண்டுபோகும் செலவைக் கழியுங்கள். அதுவும் இல்லையென்றால், ஒரு கட்டு விறகுக்கு எத்தனை கிலோ அரிசி கேட்பீர்கள் என்று நாலைந்து பேரிடம் கேட்டு நடுத்தொகையை எடுங்கள். கேஸ் சிலிண்டர் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். விறகு இல்லாவிட்டால் இந்தக் குடும்பம் கேஸ் வாங்கப் போவதில்லை, ஒரு வேளை சமையலைக் குறைக்கும்.

கத்தி, கயிறு, வண்டிக்கூலி போன்ற காசுச் செலவைக் கழியுங்கள். குடும்பத்தார் உழைப்புக்குக் கூலி போட்டுக் கழிக்க வேண்டாம், சம்பளத்திலும் நாம் அப்படிக் கழிப்பதில்லையே. ஆனால் எத்தனை மணி நேரம் போனது, யார் போனார்கள் என்று கட்டாயம் எழுதுங்கள். பெரும்பாலும் அது கொழுந்து பறித்துவிட்டு வந்த அதே பெண்தான்.

நக்கிள்ஸ் வனம், ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடு மூன்றும் 2010 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ளவை. பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் அனுமதியில்லாமல் வெட்டுவதும் எடுப்பதும் குற்றம். கம்பிப் பொறி வைப்பது, மாணிக்கக்கல் தோண்டுவது போன்றவற்றைக் குடும்பப் படிவத்தில் கேட்கவே கேட்காதீர்கள். எழுதினால் அது உங்கள் கையில் இருக்கும் சாட்சியம். தேவைப்பட்டால் குழுவாகப் பேசும்போது, பெயர் இல்லாமல், இந்தப் பக்கத்தில் நடக்கிறதா என்ற அளவில் நிறுத்துங்கள்.

9. காட்டால் போவதை இரண்டு முறை கழிக்காதீர்கள்

காட்டுப்பன்றி கிழங்குப் பாத்தியைக் கிளறும், முள்ளம்பன்றி வரும், குரங்கு வரும், சிறுத்தை நாயையும் கன்றையும் அடிக்கும். மக்கள் இதை விரிவாகச் சொல்வார்கள். கேட்டு எழுதுங்கள். ஆனால் பன்றி தின்ற மரக்கறியை வருமானத்தில் இருந்து கழிக்க வேண்டாம். அறுவடை ஏற்கெனவே குறைந்துதான் வந்திருக்கிறது. இழப்பைத் தனிக் கட்டமாகக் காட்டுங்கள். கன்று போனால் அது சொத்து இழப்பு, அந்த மாத வருமானம் இல்லை.

குளவி கொட்டினால் விஷயம் வேறு. நாலைந்து நாள் வேலைக்குப் போக முடியாது, ஆஸ்பத்திரிக்கு வண்டிக்கூலி ஆகும். செலவைக் கூட்டிப் பார்த்தால் அந்த மாதம் அந்தக் குடும்பம் வசதியாகிவிட்டதுபோல் தெரியும்! மருத்துவச் செலவு, இழவுச் செலவு, கல்யாணச் செலவு மூன்றையும் வழக்கமான செலவில் இருந்து பிரித்து வைத்து, கோட்டோடு ஒப்பிடும்போது சேர்த்து ஒரு முறை, சேர்க்காமல் ஒரு முறை பாருங்கள்.

10. கடனும் சொத்தும்

டிஷ், பெரிய டிவி, முச்சக்கரவண்டி பார்த்தவுடன் வசதியான வீடு என்று குறித்துவிடாதீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில், முழுக்கக் கட்டியாயிற்றா, லீசிங்கா என்று ஒரு கேள்வி போடுங்கள். கடைக் கொப்பிக் கணக்கு, நுண்கடன், சீட்டு, அடகு நகை நான்கையும் தனித்தனியே கேளுங்கள். பொதுவாக "கடன் இருக்கா?" என்று கேட்டால் கடைக் கொப்பியை யாரும் கடனாகச் சொல்வதில்லை.

வீடு யாருடையது என்பதில் கவனம். லயக் காம்பராவில் மூன்று தலைமுறையாக இருப்பவர் சொந்தம் என்றுதான் சொல்வார். பத்திரம் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள்.

11. கணக்குப் போடுங்கள்

கணக்கு விளங்குவதற்காக ஒரு கற்பனைக் குடும்பம். ஐந்து பேர். கடையில் வாங்கிய சாப்பாடு 38,000 ரூபா, மற்றச் செலவு 16,000. வீட்டுப் பாத்திக் காய்கறி, காட்டுக் கீரை, காளான் விலையிட்டது 4,500. வாரம் 3 கட்டு, கட்டு 17 கிலோ, மாதம் 4.3 வாரம் என்றால் விறகு ஏறக்குறைய 219 கிலோ. கிலோ 15 ரூபா என்றால் 3,290.

காசுச் செலவு மட்டும் 54,000, தலைக்கு 10,800. எல்லாம் சேர்த்தால் 61,790, தலைக்கு 12,358. வறுமைக்கோடு 12,000 என்று வைத்துக்கொண்டால், முதல் கணக்கில் இவர்கள் வறியவர்கள், இரண்டாவதில் இல்லை. அரச செலவினக் கணக்கில் வாங்காமல் கிடைக்கும் பொருட்களுக்கும் விலை போடுகிறார்கள், எனவே ஒப்பிட வேண்டியது இரண்டாவதைத்தான். முதலாவதையும் அறிக்கையில் போடுங்கள். காட்டுக்குப் போகும் பாதையை அடைத்தால் எத்தனை குடும்பம் கோட்டுக்குக் கீழே விழக்கூடும் என்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தெரியும்.

கோட்டை எங்கே எடுப்பது? திணைக்களம் மாவட்ட வாரியாக மாதாமாதம் வெளியிடுகிறது. நீங்கள் கணக்கெடுத்த மாதத்துக்கும் மாவட்டத்துக்கும் உரியதை எடுங்கள். 2019இன் கோடான, தலைக்கு மாதம் 6,966 ரூபாவை இன்றைய செலவோடு ஒப்பிட்ட அறிக்கைகள் உண்டு. விலைவாசி ஏறிய பிறகு அந்தக் கோட்டுக்குக் கீழே யார் இருப்பார்கள்?

கோட்டுக்குக் கீழே எத்தனை சதவீதம் என்பதோடு நிறுத்த வேண்டாம். எவ்வளவு கீழே என்பதையும் பாருங்கள். 10,800இல் இருப்பவருக்கு இடைவெளி கோட்டின் பத்தில் ஒரு பங்கு, 6,000இல் இருப்பவருக்குப் பாதி. தோட்டங்களில் நிறையக் குடும்பங்கள் கோட்டை ஒட்டியே நிற்கும், அதனால் விறகு விலையைக் கிலோவுக்கு 5 ரூபா மாற்றினாலே சதவீதம் ஆடும். இரண்டு மூன்று விலைகளில் போட்டுப் பார்த்து அந்த வீச்சையும் எழுதுங்கள்.

12. படிவங்களை வைத்திருப்பது

வீட்டுப் பெயரும் குறியீட்டு எண்ணும் உள்ள தாள் ஒன்று, விடைகள் உள்ள படிவம் வேறொன்று. இரண்டையும் ஒரே பையில் கொண்டு திரியாதீர்கள். நான்காவது சுற்று முடிந்து கணக்குச் சரிபார்த்ததும் பெயர்த் தாளை அழித்துவிடுங்கள். ஜிபிஎஸ் புள்ளிகளையும் சேர்த்தே அழித்துவிடுங்கள், தனியாக நிற்கும் ஒரு காட்டோரக் குடிசைக்குப் புள்ளியே பெயர்தான்.

அறிக்கையில் டிவிஷன் பெயரைப் போடுவதா என்பதைத் தலைவர்மாரிடமும் பெண்களிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். சுருக்கத்தைத் தமிழில் ஒரு பக்கமாக, கிராமங்களும் சேர்ந்திருந்தால் சிங்களத்திலும், அச்சிட்டுக் கொண்டுபோய்ப் பிள்ளைக் காம்பராவில் ஒரு மாலை வாசித்துக் காட்டுங்கள். விறகு விலையும் கட்டின் நிறையும் தவறு என்றால் அங்கேயே சொல்லிவிடுவார்கள். அதைத் திருத்திய பிறகு கடைசி அறிக்கையை அனுப்புங்கள்.